முன்பணத்துக்கு எங்கள் சேமநிதியைத் திறந்துவிடுங்கள்

வீடமைப்புக்கும் ஊழியர் சேமநிதிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு, நிபோங் திபால் வட்டாரத் தோட்டத்து மக்களின் வணக்கம்.

தோட்ட வீட்டின் நிலையை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. வேலை உள்ளவரை கூரை உண்டு. 60 வயதில் வேலை முடிந்தால் சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். அதனால்தான் கணவனும் மனைவியும் நாற்பதை எட்டும்போதே வீடு தேடத் தொடங்குகிறார்கள். பிள்ளைகள் பாலத்துக்கு அப்பால் பினாங்குத் தீவில் வேலை செய்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரியும் ஜோர்ஜ்டவுனில்தான். ஆகவே ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ஜெலுத்தோங் பக்கம் பழைய அடுக்குமாடிகளைப் பார்க்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்கும் இருவர் சேர்ந்தால் அப்படியொரு வீட்டை வாங்க முடியும். மாதத் தவணை அவர்களுக்குத் தடையில்லை. தடுப்பது வீட்டு விலையில் முதலில் கட்ட வேண்டிய பத்து விழுக்காடு.

இந்த மடலை எழுத வைத்தது போன மாதம் எங்கள் ஊரில் நடந்த ஒன்று. இருவரும் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதி, தீவில் மூன்றாம் மாடி வீடு ஒன்றை 200,000 ரிங்கிட்டுக்குப் பேசினார்கள். ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு 3 விழுக்காடு, அதாவது 6,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டினார்கள். மீதி 7 விழுக்காடு, 14,000 வெள்ளியை, 14 வேலை நாளுக்குள் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது கட்ட வேண்டும். சேமநிதியில் வீடு போன்ற தேவைகளுக்கு எடுக்கக்கூடிய கணக்கான அக்காவுன் செஜாத்ராவில் இருவருக்கும் சேர்த்து 35,000 வெள்ளிக்கு மேல் இருந்தது. அதில் ஒரு காசைக்கூட அந்த 14 நாளில் தொட முடியவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காகச் சேமநிதி எடுக்க வேண்டுமென்றால் கையெழுத்தாகி முத்திரையிட்ட ஒப்பந்தமும் வங்கியின் கடன் அங்கீகாரக் கடிதமும் வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டுமென்றால் பத்து விழுக்காடு கட்டியாக வேண்டும். பத்து விழுக்காடு கட்டச் சேமநிதி வேண்டும். கணக்குப்படி அவர்களுக்கு நிறையவே உரிமை உண்டு. வீட்டு விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம் 20,000, அதோடு விலையில் பத்து விழுக்காடு இன்னொரு 20,000, ஆக 40,000 வரை எடுக்கலாம், கணக்கில் இருந்தால். பணமும் இருக்கிறது, எடுக்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் அது கைக்கு வருவது தேவைப்படும் நாளுக்குப் பிறகுதான்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதவே கை கூசுகிறது. அந்த அம்மா தாலிக்கொடியைக் கழற்றி அடகுக்கடையில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோர்த்துக் கட்டிக்கொண்டார். வளையலும் தோடும் கூடவே போயின. எல்லாம் சேர்ந்து 9,000 வெள்ளி. ஆறு மாதத் தவணை போட்ட அடகுச் சீட்டை நான்காக மடித்து அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டார். மீதி 5,000-க்கு அவர் கணவர் தனிநபர் கடன் எடுத்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஏன் கெட்டது என்பதை மற்ற குடும்பங்களுக்காகவும் சொல்ல வேண்டும். கைக்கு வரும் சம்பளம் இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 3,000. வீட்டுத் தவணை 880, பழைய கார்க் கடன் 480. மொத்தம் 1,360, அதாவது 45 விழுக்காடு. வங்கி சரி என்றுதான் சொல்லியிருந்தது. புதிய தனிநபர் கடனுக்கு மாதம் 240 சேர்ந்ததும் 1,600 ஆகி, சம்பளத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. இறுதிக் கடிதம் கொடுக்குமுன் வங்கி, ஒருவருடைய கடன்களையெல்லாம் காட்டும் சிசிரிஸ் அறிக்கையை மறுபடியும் எடுத்துப் பார்த்தது. கடன் தொகை குறைந்தது. குறைந்த தொகைக்கு ஈடுகட்ட அவர்களிடம் வேறு நகை இல்லை. ஆஃபர் கடிதத்தில் “கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்” என்ற வரியும் இல்லை. 6,000 வெள்ளி விற்றவரிடமே நின்றுவிட்டது. நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. வீடு வாங்கும் தொழிலாளியின் முதல் பத்து விழுக்காடு, அவருடைய சேமநிதியிலிருந்து நேரே வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்குக்குப் போகட்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் அது அங்கே இருக்கட்டும்.

ஐம்பது வயதில் செஜாத்ரா கணக்கு முழுவதையும் எடுக்கலாமே, அதுவரை பொறுக்கலாமே என்று சொல்வீர்கள். பொறுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கிக் கடன் 35 ஆண்டு அல்லது 70 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். 180,000 வெள்ளிக் கடனுக்கு ஆண்டு வட்டி 4.2 விழுக்காடு என்று வைத்தால், 40 வயதில் எடுப்பவருக்கு 30 ஆண்டு, மாதம் 880. 50 வயதில் எடுப்பவருக்கு 20 ஆண்டுதான், மாதம் 1,110. பத்து ஆண்டு பொறுத்ததற்கு மாதம் 230 வெள்ளி கூடுதல், அதுவும் அறுபதில் சம்பளம் நிற்கப் போகிறவருக்கு. பொறுத்தவரிடம் வங்கி பிள்ளையைக் கூட்டுக் கடன்காரராகக் கூட்டி வரச் சொல்லும். வீடு பிள்ளை பேரிலும் பதிவானால் அந்தப் பிள்ளைக்கு முதல் வீடு என்ற சலுகை போய்விடும். 500,000 ரிங்கிட் வரையிலான முதல் வீட்டுக்கு உள்ள முத்திரை வரி விலக்கை அது பிறகு தன் சொந்த வீட்டுக்குக் கேட்க முடியாது.

சேமநிதியில் அக்காவுன் பிளெக்சிபெல் என்ற இன்னொரு கணக்கு இருக்கிறதே என்றும் சொல்வார்கள். 11 மே 2024 முதல் மாதச் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேர்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், உண்மைதான். 1,700 சம்பளத்துக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்த்தால் 408 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்கு 40 வெள்ளி 80 காசு. ஆண்டுக்கு 490. இருவர் சேர்த்தாலும் ஆண்டுக்கு ஆயிரத்தைத் தொடாது. இருபதாயிரம் சேர இருபது ஆண்டு ஆகும்.

பணத்துக்காக ஓடும் ஓட்டத்தில் இன்னொன்றும் பறிபோகிறது. அந்த 14 வேலை நாள் உண்மையில் வீட்டைச் சோதிப்பதற்கான நாள். கடற்கரை ஊரில் பழைய அடுக்குமாடி வாங்குகிறவர் குளியலறையின் மேல்தளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உப்புக் காற்றும் மேல்வீட்டு ஈரமும் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் காரை வெடித்துப் பாளம் பாளமாக விழும். விற்பவர் அதன்மேல் புதிதாகச் சாயம் அடித்து வைத்திருந்தால் ஒரு கம்பினால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்று சத்தம் வந்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். பராமரிப்புக் கட்டணமும் பெரிய பழுதுகளுக்குச் சேர்க்கும் சிங்கிங் பண்டும் பாக்கியா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்த வீட்டுக்கென்று தனிப் பட்டாவான ஸ்த்ராத்தா கிராண்ட் வந்துவிட்டதா, இன்னும் மொத்த நிலத்துக்கும் உள்ள மாஸ்டர் கிராண்டிலேயே இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்க்க வேண்டும். குத்தகை நிலமென்றால் எத்தனை ஆண்டு மீதி என்றும், பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டுமா என்றும் பார்க்க வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் பல மாதம் கூடுதலாகும். பதினான்காயிரத்துக்கு ஓடிக்கொண்டிருப்பவர் இதில் எதைப் பார்ப்பார்? பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவி வாங்கிய பிறகுதான் மேல்தளத்தைப் பார்க்கிறார்.

மதிப்பீடு குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். வங்கி தருவது விலைக்கோ மதிப்பீட்டுக்கோ எது குறைவோ அதில் 90 விழுக்காடு. 200,000-க்குப் பேசிய வீட்டை மதிப்பீட்டாளர் 185,000 என்று எழுதினால் கடன் 166,500-தான். இன்னொரு 13,500 கைப்பணம். இதற்கு மேல் வழக்கறிஞர் கட்டணம் 500,000 வரை 1.25 விழுக்காடு என்பதால் ஒப்பந்தத்துக்கு 2,500, கடன் பத்திரத்துக்கு இரண்டாயிரத்துக்குச் சற்று மேல், அவற்றின்மேல் 8 விழுக்காடு சேவை வரி. சேமநிதி நேரத்துக்கு வந்தால் இவை எல்லாவற்றையும் சமாளிக்கலாம். அதனால்தான் மறுபடியும் கேட்கிறோம்: பத்து விழுக்காட்டை முன்னதாக விடுங்கள்.

இது நடக்க முடியாத காரியமில்லை. ஆஃபர் கடிதமும் வங்கியின் கடன் அங்கீகாரமும் மதிப்பீட்டு அறிக்கையும் வந்ததும் சேமநிதி ஓர் உறுதிக் கடிதம் கொடுக்கலாம். “இந்த உறுப்பினரின் கணக்கிலிருந்து இவ்வளவு தொகை, இந்த வழக்கறிஞரின் கணக்குக்கு, ஒப்பந்த நாளில்” என்று அதில் இருந்தால் போதும், விற்பவர் ஏற்றுக்கொள்வார். பணம் தொழிலாளியின் கைக்கே வர வேண்டாம். வேறு எதற்கும் செலவாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். ஒப்பந்தம் முறிந்தால் வழக்கறிஞர் அதை 14 நாளுக்குள் உறுப்பினரின் கணக்குக்கே திருப்பி அனுப்பட்டும். ஆஃபர் கடிதத்துக்கு எல்லா ஏஜெண்டுகளும் பயன்படுத்தும்படி ஒரே படிவம் கொண்டுவந்து, கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரியைக் கட்டாயமாக்கினால் அந்த 6,000 வெள்ளியும் போயிருக்காது.

மனதில் உள்ள இன்னொன்றையும் சொல்ல அனுமதியுங்கள். ஜோர்ஜ்டவுன் 2008 ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது கட்டடங்களுக்காக மட்டுமில்லை. பல இன மக்கள் அங்கே வாழ்ந்துவந்த வாழ்க்கைக்காகவும்தான். லெபோ குயினில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவிலும், அதைச் சுற்றியுள்ள கடைகளும் கடை முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையும் அந்த வாழ்க்கைதான். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்தது. மேல்மாடிகளில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல ஊரைவிட்டுப் போயின. கடைவீடுகள் ஹோட்டலாகவும் காபிக் கடையாகவும் மாறின. ஒரு கடைவீடு வாங்க எங்களால் கனவுகூடக் காண முடியாது. அந்தச் செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்துச் சுவர் உதிரும். அதனால் சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்பது சரியான விதி, அதைப் பாராட்டுகிறோம். சுவருக்குள் ஈரம் தங்கக் கூடாது என்று இவ்வளவு கவலைப்படும் ஊரில், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடக்கும் மக்கள் ஆண்டு முழுக்கக் குடியிருக்க ஓர் இடத்துக்கும் கவலைப்பட வேண்டாமா? பாலத்தைக் கடந்து வேலைக்கு வருகிறோம், கோவிலுக்கு வருகிறோம், இரவானால் திரும்பிவிடுகிறோம். 2014-இல் பத்து காவானில் இரண்டாம் பாலம் திறந்தபோது அந்த மண்ணில் ஒரு காலத்தில் தோட்டம் இருந்தது என்பதைச் சொல்ல எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள்?

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் புதிய உதவித்தொகை கேட்கவில்லை. வட்டித் தள்ளுபடி கேட்கவில்லை. இருபது ஆண்டாகச் செம்பனைக் காட்டில் உழைத்துச் சேர்த்த எங்கள் சொந்தப் பணம், ஒப்பந்த நாளிலேயே வழக்கறிஞர் கணக்கில் இருக்க வழி செய்யுங்கள் என்று பணிவுடன் கேட்கிறோம். விதியில் மாற்ற வேண்டியது ஒப்பந்தத்துக்குப் பிறகு என்பதை ஒப்பந்த நாளில் என்று ஆக்குவது மட்டும்தான். விவரம் பேச அழைத்தால் கணக்குத் தாள்களோடு வருகிறோம். அந்தத் தாலிக்கொடியின் அடகுச் சீட்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
நிபோங் திபால் வட்டாரத் தோட்டத்து மக்களுக்கு வீட்டுக் கடன், சேமநிதிப் படிவங்கள் எழுதிக் கொடுப்போர்