துரத்தப்பட்டவரை ‘பிழைப்புத் தேடி வந்தவர்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புவனேஸ்வர் நகரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோயில்களைப் பற்றிய பகுதி அருமையாக இருந்தது. ஆனால் புதிய தலைநகருக்கு வரைபடம் போட்டவரை, ‘பிழைப்புத் தேடி இந்தியா வந்த கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் பொறியாளர்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியில் மூன்று தப்பு. அவர் பெயர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். கோனிக்ஸ்பெர்க் என்பது ஓர் ஊரின் பெயர். அவர் பொறியாளரும் இல்லை, கட்டடக் கலைஞர். இந்த இரண்டையும் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாம். ‘பிழைப்புத் தேடி’ என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. ஒரு வாரமாக அது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

தங்களுக்குத் தெரியாத வரலாறு இல்லை. 1908-ல் பெர்லினில் யூத வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஹான்ஸ் பொல்ட்சிக் போன்ற பெரிய ஆசிரியரிடம் படித்தார். இளம் கட்டடக் கலைஞர்களுக்கு ஜெர்மனியில் தரப்படும் ஷிங்கெல் பரிசு 1933-ல் அவருக்குக் கிடைத்தது. அதே வருடம் நாஜிகள் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். இவருடைய வேலையும் போனது. அப்போது வயது 24. எகிப்துக்குப் போய்ப் பழங்காலக் கட்டடங்களை ஆராயும் வேலையில் சேர்ந்தார். பழைய எகிப்தியர்கள் கதவை எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ந்தார். சொந்த ஊரில் கதவு சாத்தப்பட்டவர், அயலூரில் உட்கார்ந்து கதவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். எனக்கு அதை நினைத்தாலே மனசு கனத்துவிடுகிறது. 1939-ல்தான் மைசூர் சமஸ்தானத்தின் கட்டடக் கலைஞராக பெங்களூருக்கு வந்தார்.

அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது தாய்மாமன் உறவு. இயற்பியல் மேதை மாக்ஸ் போர்ன்தான் அந்தத் தாய்மாமன். அவரும் 1933-ல் ஜெர்மனியில் பதவி இழந்தவர். சி.வி.ராமன் அழைத்து, 1935-36-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆறு மாதம் இருந்தார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் பாடுபட்டபோது, அங்கிருந்த ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட ஓர் இரண்டாந்தர அயல்நாட்டவர் நமக்கு வேண்டாம் என்ற பொருளில் பேசினார். போர்னும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். 1954-ல் நோபல் பரிசு பெற்ற மனிதர் அவர்! மாமனை அன்று அப்படிச் சொன்னார்கள். இத்தனை வருடம் கழித்து மருமகனைத் தங்கள் இதழ் கொஞ்சம் நாகரிகமான சொல்லால் அதே இடத்தில் நிறுத்துகிறது. தாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். ஆனாலும் வலிக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும் என்றால், நானும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன். நாங்கள் பர்மாவிலிருந்து வந்த குடும்பம். ரங்கூனில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை இருந்தது. 1964-ல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது அதுவும் போனது. எனக்கு எட்டு வயது. கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கினோம். அம்மாவின் நகைகள் ரங்கூன் துறைமுகத்திலேயே நின்றுவிட்டன. குடியேறிய தெருவில் எங்களைப் ‘பிழைக்க வந்தவங்க’ என்பார்கள். குழாயடியில் சண்டை வந்தால் முதலில் வருவது அந்த வார்த்தைதான். அப்பா ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னார்: “நாங்க அங்கே நல்லாத்தான் பிழைச்சிக்கிட்டு இருந்தோம்யா, துரத்திட்டாங்க.” வேலை தேடிப் போவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. நானே வேலைக்காகத்தான் பெங்களூருக்கு வந்தேன். ஆனால் எனக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அப்பாவுக்கு ரங்கூனில் அது இல்லை, கோனிக்ஸ்பெர்கருக்கு பெர்லினில் இல்லை.

நான் 34 வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மனிதரின் பெயரை முதலில் சொன்னவர் எங்கள் சீனியர் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்திய அறிவியல் கழகத்துக்குக் கூட்டிப்போய், அங்கே கோனிக்ஸ்பெர்கர் கட்டிய விமானப் பொறியியல் துறைக் கட்டடத்தைக் காட்டினார். உலோகவியல் துறையும் சாப்பாட்டுக் கூடமும்கூட அவர் போட்டவைதான். சீனியர் முகப்பைப் பார்க்கச் சொல்லவில்லை. “வெயில் எந்தப் பக்கம் வருது, சன்ஷேடு எங்க நிக்குது, காத்து எதுல நுழைஞ்சு எதுல வெளிய போகுது, அதை மட்டும் பாரு” என்றார். அன்று கற்றதை எந்தக் கல்லூரியிலும் கற்றதில்லை. அன்றைய மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயிலுக்குக் குவிமாடமும் வளைவும் பிடிக்கும். இவருக்கோ எளிமையான சுவரும் நிழலும்தான். பசவனகுடியில் கிருஷ்ணராவ் பூங்கா மண்டபத்தைப் பார்த்தால் இவரும் ஊரின் ரசனைக்குக் கொஞ்சம் இறங்கி வந்தது தெரியும். வந்த இடத்து மண்ணையும் மனிதரையும் புரிந்துகொள்ள முயன்றவர்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த கட்டடத்துக்கு என் கையாலேயே வரைபடம் போட்டேன். சன்ஷேடு வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், “ஏசி இருக்கே” என்றார்கள். இன்று மூன்று மணிக்கு மேல் அங்கே இருப்பவர்கள் ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் சம்பந்தி வீட்டுப் பெண் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். வெப்பமண்டல நாடுகளில் வீடு கட்டுவது பற்றி 1974-ல் கோனிக்ஸ்பெர்கரும் மற்றவர்களும் எழுதிய நூல்தான் அவளுக்குப் பாடம். அந்த ஆள் இதே பெங்களூரில் வேலை பார்த்தவர் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் சொன்னபோது நம்பவில்லை. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? தாங்கள் முன்பு வெளியிட்ட பெங்களூர் சிறப்பிதழில் விதான சௌதா உண்டு, அரண்மனை உண்டு, இவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அப்போதும் எழுதினேன். பெங்களூரின் வெயிலைப் பற்றி நான் குறைபட்டுக்கொள்வது போல மூன்று வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள்.

சரி, கட்டுரைக்கே வருகிறேன். 1948-ல் நேரு அரசில் வீட்டுவசதி இயக்குநராக இவர் பொறுப்பேற்றார். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கில் வந்தவர்களுக்குக் கூரை தரவேண்டிய நேரம். ஃபரிதாபாத், காந்திதாம் போன்ற அகதி நகரங்களின் திட்டங்களில் இவர் கை இருக்கிறது. வீடு இழந்து வந்தவனிடமே வீடிழந்தவர்களுக்கு ஊர் அமைக்கும் வேலை வந்து சேர்ந்தது. இதைவிடப் பெரிய செய்தி ஒரு கட்டுரைக்கு வேண்டுமா? தங்கள் கட்டுரையோ டெல்லியில் ஆயத்த வீடுகள் செய்யும் தொழிற்சாலை தோற்றதை மட்டும் சொல்கிறது. தோற்றது உண்மைதான், நான் மறுக்கவில்லை. 1951-ல் அவர் இந்தியாவை விட்டுப் போனதும் உண்மை. ஆனால் அதற்கு முன் டாட்டாவுக்காக ஜாம்ஷெட்பூருக்கு வளர்ச்சித் திட்டம் தந்ததை ஏன் விட்டீர்கள்? புவனேஸ்வரில் பள்ளியும் கடையும் மருந்தகமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்படி ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்தாரே, இன்றும் அங்குள்ள மக்கள் யூனிட் ஒன்று, யூனிட் நான்கு என்றுதான் முகவரி சொல்கிறார்கள். கட்டுரை எழுதியவர் நேரில் போயிருந்தால் ஆட்டோக்காரரே சொல்லியிருப்பார்.

அப்புறம் லண்டனுக்குப் போனார். அங்கே 1954-ல் தொடங்கிய வெப்பமண்டலக் கட்டடக் கலைத் துறையை அவர்தான் பல வருடம் நடத்தினார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். 1963-ல் சிங்கப்பூருக்கு ஐ.நா. அனுப்பிய மூவர் குழுவில் இவரும் ஒருவர். இன்று சிங்கப்பூரின் வீடமைப்பைப் பாராட்டி மாதம் ஒரு கட்டுரை போடுகிறீர்கள். அதிலும் இவர் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை. 1999-ல் லண்டனில் காலமானார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். ‘பிழைப்புத் தேடி வந்த ஜெர்மன் பொறியாளர்’ என்பதை ‘நாஜிகளால் வேலை பறிக்கப்பட்டு அகதியாக வந்த கட்டடக் கலைஞர்’ என்று மாற்றினால் போதும். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட முடியும் என்றால் பர்மா கதையை எடுத்துவிடுங்கள், அவரைப் பற்றிய வரிகளை வெட்ட வேண்டாம். பெயரின் கடைசியில் உள்ள ‘ர்’ இந்த முறையாவது விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன்,
பெங்களூரு