முதல் ரீல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி சற்றுக் குறைந்திருக்கிறது. இரண்டு நாளாக மொட்டைமாடிக்கு ஏறிப்போய் வடகம் காயப்போடுகிறாள். டொரண்டோவில் குளிர் விட ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது குட்டிக்குப் படம் போட்டுக் கொடுத்தாய். "இவனுக்குப் பொறுமை இல்லை அப்பா, பேசுகிற இடத்திலிருந்து போட்டால்தான் பார்ப்பான்" என்று சொல்லிக்கொண்டே விரலால் திரையைத் தள்ளினாய். அது தி லயன் கிங் என்ற டிஸ்னி கார்ட்டூன் படம். சூரியன் எழவே இல்லை. நேராகக் குகையும் எலியும் வந்துவிட்டன. அம்மா அப்போது நார்த்தங்காய் ஊறுகாயை எப்படிக் கட்டி அனுப்புவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, பாப்பா. முப்பத்தொரு வருடம் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவன் உன்னிடம் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது.

கேபின் உனக்கு நினைவிருக்கும். மாலைக் காட்சி தொடங்கும் நேரத்துக்கு அம்மா டிபன் கேரியரோடு உன்னையும் கூட்டிக்கொண்டு பின்பக்க இரும்புப் படிக்கட்டில் ஏறி வருவாள். இரண்டு மெஷின், வெளிச்சத்துக்காகக் கார்பன் குச்சிகள் எரிகிற வாசனை, வெக்கை. சுவரில் இருந்த சின்னக் கண்ணாடித் துவாரம் உனக்கு எட்டாது. படப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உன்னை அதன்மேல் நிறுத்துவேன். முதல் ரீல் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி தெரிந்ததும் நான் அடுத்த மெஷினுக்கு மாற்றுவேன், அம்மா உன் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய்விடுவாள். பள்ளி நாளானாலும் விடுமுறையானாலும் அவ்வளவுதான். மீதிக் கதையை மறுநாள் காலையில் நீ இட்லி சாப்பிடும்போது நான் சொல்வேன். யோசித்துப் பார்த்தால், நீயும் நானும் சேர்ந்து பார்த்தவை எல்லாம் படங்களின் தொடக்கங்கள்தான்.

என் தொழிலிலும் தொடக்கத்துக்குத்தான் கவனம் அதிகம். முதல் ஐந்து நிமிடம் மெஷினை விட்டு நகரக் கூடாது. ஃபோகஸ் சரியாக இருக்கிறதா, ஃப்ரேம் ஏறி இறங்குகிறதா, கார்பன் குச்சிகளுக்கு நடுவே இடைவெளி சரியா, சத்தம் பின்வரிசைக்குக் கேட்கிறதா என்று கண்ணும் காதும் திரையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு ரீலிலும் தலையும் வாலும்தான் முதலில் தேயும். மெஷினில் மாட்டும்போதெல்லாம் கை படுவது அங்கேதான். கிழிந்தால் வெட்டி ஒட்டுவதும் அங்கேதான். பத்து ஊர் சுற்றி வந்த பிரிண்டில் நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும், தொடக்கத்தில் மட்டும் கோடு விழுந்து மழை பெய்யும். அதனால்தான் முதல் ரீலை நான் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவேன்.

லயன் கிங் வந்தபோது உனக்கு ஏழு வயது. அந்தத் தொடக்கம் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனை நேரமும் யாரும் ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை. செவ்வானத்தில் சூரியன் எழும்போதே ஒரு மனிதக் குரல் உயர எழும்புகிறது. பாடியவர் லெபோ எம், தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் பிறந்து, நிறவெறி ஆட்சிக் காலத்தில் நாட்டை விட்டு வெளியே வாழ நேர்ந்தவர். நாம் கேட்டது ஜூலு மொழி. அன்று அதன் பொருள் எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு, நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் தேடிப் படித்தேன்: "இதோ ஒரு சிங்கம் வருகிறது, தந்தையே" என்பதுதான் அந்த முதல் வரி. அத்தனை காட்சிகளில் அதைக் கேட்டும், ஒரு தகப்பனைக் கூப்பிடுகிற குரல் அது என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கி, யானை, தாய்மானின் பின்னே ஓடும் குட்டி என்று எல்லாம் ஒரே திசையில் போய், பாறையின் உச்சியில் குட்டிச் சிங்கத்தைத் தூக்கிக் காட்டியதும் மேகம் பிளந்து வெளிச்சம் விழுகிறது. ஒரே ஓர் அடி முரசு. திரை கறுப்பாகிப் பெயர் வருகிறது. இதைத் தயாரித்தவர்களுக்கே இதன்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்றால், படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 1993 நவம்பரில், துண்டு துண்டாக வெட்டாமல் இந்தத் தொடக்கத்தை அப்படியே முன்னோட்டமாக ஓட்டினார்கள்.

அந்தப் படத்தில் நான் செய்த ஒரு தவறை உன்னிடம் இதுவரை பேசியதில்லை. ஒரு நாள் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், மாலைக் காட்சி தாமதமாகிவிட்டது. இரவுக் காட்சியை நேரத்துக்குத் தொடங்க வேண்டும், முன்னால் இருக்கும் பாட்டைத் தள்ளிவிட்டு ஓட்டு என்று கீழேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான்கு நிமிடம் என்றால் 360 அடி பிலிம். வெட்டவில்லை, சுற்றி முன்னே நகர்த்திவிட்டுப் பெயர் வரும் இடத்திலிருந்து ஓட்டினேன். அரங்கத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெட்டிமேல் நின்றிருந்த நீதான் திரும்பி, "அப்பா, சூரியன் எங்கே?" என்றாய். முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் பார்த்திருந்தாய் அல்லவா. நான் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதன்பிறகு யார் சொல்லியும் எந்தப் படத்தின் தொடக்கத்தையும் நான் தள்ளியதில்லை. அதற்காக இரண்டு முறை வேலை போகிற நிலைமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் விரல் திரையைத் தள்ளியபோது உன் அந்தக் குரல்தான் என் காதில் கேட்டது.

எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் எது என்று ஒருமுறை கேட்டாய். நான் பாம்பி என்றேன், நீ நம்பவில்லை. அங்கே எதுவுமே நடக்காதே என்றாய். அதுதான் காரணம், பாப்பா. பாம்பி என்ற மான்குட்டியின் கதை, 1942இல் வந்த டிஸ்னி படம். விடியும் நேரம்; கேமரா காட்டுக்குள் மெல்ல நடந்து போகிறது. மரங்கள், பனிமூட்டம், அருவி, மறுபடி மரங்கள். மானும் இல்லை, மனிதனும் இல்லை. இப்படியே இரண்டு நிமிடத்துக்கும் மேல். பிறகு இரவெல்லாம் விழித்திருந்த ஆந்தை ஒன்று தூங்குவதற்காக வீடு திரும்புகிறது. ஒரு சுண்டெலி பனித்துளியில் முகம் கழுவுகிறது. அதற்கப்புறம்தான் இளவரசன் பிறந்துவிட்டான் என்ற சேதி காடெல்லாம் பரவுகிறது. சேதி வருவதற்குள் நாம் அந்தக் காட்டில் குடியேறிவிடுகிறோம்.

தட்டையான ஓவியத்துக்குள் கேமரா எப்படி நடக்க முடியும் என்று நான் வெகுநாள் யோசித்தது உண்டு. ரயில் ஜன்னலில் உட்கார்ந்து பார். பக்கத்துக் கம்பம் பறந்து போகும், தூரத்துப் பனைமரம் மெதுவாகப் போகும், நிலா நகரவே நகராது. ஒரே தாளில் எல்லாவற்றையும் வரைந்து கேமராவை அருகே கொண்டுபோனால் மரத்தோடு சேர்ந்து நிலாவும் பெரிதாகிவிடும்; கண் உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடும். அதற்காக டிஸ்னி ஸ்டுடியோவில் 1937இல் மல்டிபிளேன் கேமரா என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அருகே இருக்கும் கிளை ஒரு கண்ணாடியில், அதற்குப் பின்னால் இருக்கும் மரம் இன்னொரு கண்ணாடியில் என்று அடுக்கடுக்காகத் தீட்டி வைத்து, மேலேயிருந்து படம் பிடித்தார்கள். ஒவ்வோர் அடுக்கையும் அதற்குரிய வேகத்தில் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி நகர்த்து, இன்னொரு படம். ஒரு விநாடி ஓட 24 படம் வேண்டும். அந்தக் காட்டு நடைக்கு எத்தனை நாள் நின்றிருப்பார்கள் என்று, மெஷினில் பிலிம் ஓட்டிய எனக்குக் கணக்குப் போடும்போதே கை நடுங்குகிறது.

அந்தக் காட்டின் தோற்றத்தை மனதில் கண்டவர் டைரஸ் வோங். இவரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அவரை எனக்குத் தெரிந்தவர்போலவே நினைத்துக்கொள்கிறேன். சீனாவில் குவாங்டாங் பகுதியில் 1910இல் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பாவோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அம்மாவையும் சகோதரியையும் ஊரில் விட்டுப் போனார்; அதன்பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை. சீனர்கள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் அப்போது அங்கே இருந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவில், அப்பாவிடமிருந்து பிரித்து, அந்தச் சிறுவனைச் சில வாரங்கள் தனியாக அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே வந்த பிறகு அப்பா மகனுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மை வாங்கக் காசு கிடையாது. தூரிகையைத் தண்ணீரில் நனைத்துப் பழைய செய்தித்தாளில் எழுதிப் பழகினான் பையன். எழுதியது காய்ந்து மறைந்துவிடும், மறுபடி எழுத வேண்டும்.

வளர்ந்து 1938இல் டிஸ்னியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது, இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் படங்களை வரைந்து நிரப்பும் வேலை. பாம்பி எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தானாகவே காட்டை வரைந்து கொண்டுபோய்க் காட்டினார். அதுவரை மற்றவர்கள் இலை இலையாக, சுள்ளி சுள்ளியாக வரைந்திருந்தார்கள். அந்த நெரிசலில் மான் காணாமல் போயிற்று. வோங் பழைய சீன ஓவியங்களின் வழியில், நடுவில் மட்டும் தெளிவு வைத்து, ஓரங்களைப் பனியாகக் கரைத்துவிட்டார். எதை வரையாமல் விடுவது என்று தெரிந்த கை அது. தண்ணீரில் எழுதிப் பழகிய கை என்று எனக்குத் தோன்றுகிறது. வால்ட் டிஸ்னிக்கு அது பிடித்துப்போய், படம் முழுவதும் அந்தச் சாயலிலேயே அமைந்தது. ஆனால் 1941இல் ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் அவர் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும் அதன்பிறகு அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். படத்தில் பின்னணி ஓவியர்கள் பட்டியலில் ஒருவராகத்தான் அவர் பெயர் வந்தது. உரிய மரியாதை கிடைக்க 2001 ஆயிற்று. 106 வயது வரை வாழ்ந்து 2016 டிசம்பரில் இறந்தார். கடைசிக் காலத்தில் கடற்கரையில் தன் கையால் செய்த பட்டங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார் என்று படித்தேன்.

ஒன்பது வயதில் தாயைப் பிரிந்தவர் வரைந்த காட்டில்தான் அந்த மான்குட்டி தாயோடு பிறக்கிறது. அங்கேதான் தாயை இழக்கவும் செய்கிறது. அந்த இரண்டு நிமிடப் பனிமூட்டத்தைத் தாண்டிவிட்டால் கதை புரியாமல் போகாது. ஆனால் அவர் போய்விடுவார்.

டம்போ என்ற யானைக்குட்டிப் படத்தின் தொடக்கத்தையும் குட்டிக்குக் காட்டு. நாரைகள் வானத்திலிருந்து குட்டிகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து சர்க்கஸ் விலங்குகளுக்கெல்லாம் போட்டுவிட்டுப் போகும். ஒரு தாய் யானை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும், அதற்கு எதுவும் வராது. அம்மா அதைத் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ பிறப்பதற்கு முன் நாங்கள் காத்திருந்த ஆறு வருடம் உனக்குத் தெரியும்.

குட்டிக்குப் பொறுமை இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிய, பக்கத்தில் பொம்மை லாரி கிடக்க, உள்ளங்கை அகலத் திரையில் விடியற்காலையைக் காட்டினால் எந்தக் குழந்தை உட்காரும்? தியேட்டரில் மணி அடிப்போம், விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைப்போம், அதற்கப்புறம்தான் ஒளியை விடுவோம். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். தொடக்கங்களைச் செய்தவர்கள் அந்த இருட்டை நம்பித்தான் செய்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஜப்பானில் மியாசாகி 1988இல் எடுத்த மை நெய்பர் டோட்டோரோ உங்கள் தொலைக்காட்சியில் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். இங்கேயும் இருக்கிறது, பார்த்துவிட்டேன். முதலில் ஒரு சின்னப் பெண் பூச்சிகளுக்கும் தவளைகளுக்கும் நடுவே கைவீசி நடக்கிற பாட்டு. பிறகு ஒரு மூன்று சக்கர லாரி, மேசையும் பாயும் புத்தகமும் அடுக்கிக்கொண்டு கிராமத்துப் பாதையில் போகிறது. அப்பா முன்னால் ஓட்டுநர் பக்கத்தில். அக்காவும் தங்கையும் பின்னால் ஒரு மேசைக்கு அடியில் உட்கார்ந்து மிட்டாய் தின்கிறார்கள். அக்கா எட்டி அப்பாவுக்கும் ஒன்று நீட்டுகிறாள். சைக்கிளில் வருபவரைப் போலீஸ்காரர் என்று நினைத்து ஒளிந்துகொள்கிறார்கள், இல்லை என்று தெரிந்ததும் கையசைக்கிறார்கள். அம்மா மருத்துவமனையில் இருக்கிறாள் என்பதை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் வாடகை வீடு மாறியபோது தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து நீ வந்தாயே, கமர்கட்டைக் கடித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாயே, அதேதான். இதைப் பார்த்த அன்று நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

வருகிற ஞாயிறு உங்களுக்குக் காலை 9 மணி, எங்களுக்கு மாலை 6.30. நம் மாலைக் காட்சி நேரம். ஜன்னல் திரையை நன்றாக இழுத்துவிடு, குட்டியை மடியில் வைத்துக்கொள். போனில் நான் "விளக்கு" என்று சொன்னதும் அணைத்துவிடு, "சரி" என்றதும் பொத்தானை அழுத்து. நானும் இங்கே அழுத்துகிறேன். இருபது நிமிடம் போதும். அதற்குமேல் அவன் எழுந்து ஓடிவிட்டாலும் விடு, பிடித்து உட்கார வைக்காதே. மீதிக் கதையை மறுநாள் அவன் சாப்பிடும்போது நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா