நம் வாசகர் மன்றம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மன்ற உறுப்பினர்களே, வழக்கம்போல் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இளையோர் அணியினரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில், 2024இல் எதைப் படிப்பது என்ற கேள்விக்கு மூன்று முன்மொழிவுகள் வந்தன. சங்க இலக்கியம், ஈழப் புனைகதை ஆகிய இரண்டும் எல்லா ஆண்டும் வருபவை. மூன்றாவது, கடைசி வரிசையிலிருந்து வந்தது. "இத்தனை ஆண்டுகளாக அட்லாண்டாவில் இருக்கிறோம். இந்த ஊரின் கறுப்பினப் பெண்கள் எதற்காகப் போராடினார்கள் என்று ஒரு கூட்டமாவது பேசியிருக்கிறோமா?" பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பேசியதில்லை. வாக்கெடுப்பில் அந்த முன்மொழிவு இரண்டு வாக்குகளில் வென்றது. ஈழப் புனைகதை 2025க்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கேட்டவர்கள் எனக்கு நினைவூட்ட வேண்டாம், எழுதிவைத்திருக்கிறேன்.

பதினொரு கூட்டங்களும் ஒரு வெளியூர்ப் பயணமும் நடந்தன. எல்லாவற்றையும் ஒரே அளவில் விவரிக்கப் போவதில்லை. சில கூட்டங்கள் தேநீருக்காகவே நடந்தவை.

முதல் கூட்டத்திலேயே தடுக்கி விழுந்தோம். எடுத்துக்கொண்ட பொருள் 'ரீப்ரொடக்டிவ் ஜஸ்டிஸ்'. அதற்குத் தமிழ் என்ன? அகராதி தருவது 'இனப்பெருக்க நீதி'. உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர், மகரந்தச் சேர்க்கைக்கு அடுத்த பாடம் போல இருக்கிறது என்றார். அப்போது இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு மாணவி எழுந்து, வீட்டில் 'பெருக்கு' என்றால் துடைப்பத்தை எடுப்பார்களே, இனத்தைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவதா என்று கேட்டாள். அவை சிரித்தது. அடுத்த கால் மணி நேரத்தில், 1929 முதல் 1974 வரை வட கரோலினா அரசு நடத்திய திட்டம் ஒன்றைப் பற்றிப் படித்தோம். 'தகுதியற்றவர்கள்' என்று அரசு முடிவு கட்டிய ஏறத்தாழ 7,600 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பிற்காலத்தில் அதற்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். இழப்பீட்டுச் சட்டம் வந்தது 2013இல்தான். பெருக்குவதற்கு அந்த மாணவி சொன்ன பொருள்தான் சரி என்று எனக்குத் தோன்றிவிட்டது. யாருடைய இனம் பெருக வேண்டும், யாருடையதைப் பெருக்கித் தள்ள வேண்டும் என்று மேசைக்குப் பின்னால் அமர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

'மகப்பேற்று நீதி' என்று ஒருவர் மாற்று சொன்னார். பிள்ளை வேண்டாம் என்பவளுக்கு அதில் இடமில்லை. 'கருவுரிமை' என்றார் இன்னொருவர். அது உரிமை மட்டுமே. உரிமை என்ற சொல் போதாது என்பதுதான் இந்த இயக்கத்தின் தொடக்கமே.

அந்தத் தொடக்கத்துக்கு 2024 ஜூனில் முப்பது வயது. 1994 ஜூனில் சிகாகோவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போன பன்னிரண்டு கறுப்பினப் பெண்கள், விடுதி அறையில் தனியே கூடினார்கள். அதிபர் கிளின்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அப்போது விவாதத்தில் இருந்தது. பெண்களின் கருவளம் தொடர்பான மருத்துவத்தை அந்தத் திட்டம் ஓரங்கட்டுகிறது என்பது அவர்களின் குறை. கருக்கலைப்புக்காகப் போராடிய பெரிய அமைப்புகள் 'தேர்வு' என்ற ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டிருந்ததும் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகப் பேருந்துக் காசில்லாதவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? 1976இல் வந்த ஹைட் திருத்தம், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் கருக்கலைப்புக்கான பணத்தை நிறுத்தியது. சட்டத்தில் உரிமை இருந்தது, கையில் பணம் இல்லை. ஆகவே இனவிருத்தி உரிமையையும் சமூக நீதியையும் ஒட்டி ஒரே சொல்லாக்கினார்கள். அதே ஆகஸ்டில் 800க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட முழுப்பக்க விளம்பரம் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் வந்தது. விடுதி அறையில் அவர்கள் ஒட்டிவைத்த சொல்லுக்கு ஓர் ஆண்டு முழுவதும் முயன்றும் நம்மால் தமிழ் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். (மேற்கண்ட வரியில் நான் 'இனவிருத்தி' என்று எழுதியதைச் செயற்குழு ஏற்கனவே கண்டித்துவிட்டது.)

பிள்ளை பெறாமல் இருக்கும் உரிமை, பெற்றுக்கொள்ளும் உரிமை, பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அந்த நீதி. மூன்றையும் ஏன் சேர்த்தே பேச வேண்டும் என்பதற்கு, அந்தப் பன்னிருவரில் ஒருவரான லொரெட்டா ராஸின் வாழ்க்கையே போதும். பதினைந்து வயதில் தாயானவர். பிள்ளையைத் தானே வளர்ப்பது என்று முடிவு செய்ததால் ராட்கிளிஃப் கல்லூரியின் உதவித்தொகை கைநழுவியது. இருபத்து மூன்றாவது வயதில் 'டால்கன் ஷீல்டு' என்ற கருத்தடைச் சாதனத்தால் வந்த தொற்று, இனிப் பிள்ளையே பெற முடியாதபடி செய்துவிட்டது. தாயாவதா என்று கேட்கப்படாத சிறுமியும், இனித் தாயாக முடியாது என்று சொல்லப்பட்ட இளம்பெண்ணும் ஒரே ஆள். 1997இல் பதினாறு அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய 'சிஸ்டர்சாங்' கூட்டமைப்பின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அதன் தலைமையகம் நம் அட்லாண்டாவில்தான் இருக்கிறது. நம்மில் பலர் வாரம் இருமுறை காய்கறிக்காகக் கடக்கும் நகரத்தில் இது இருப்பது எனக்குப் பிப்ரவரி வரை தெரியாது.

பிப்ரவரி, மார்ச் கூட்டங்கள் கொம்பாஹீ நதிக் குழுவின் 1977ஆம் ஆண்டு அறிக்கைக்குச் சென்றன. பாஸ்டனில் 1974இல் கூடிய கறுப்பினப் பெண்களின் குழு அது. பெயர் தென் கரோலினாவின் ஒரு நதியுடையது. 1863இல், அடிமைத்தளையிலிருந்து தானே தப்பி வந்த ஹாரியட் டப்மன் வழிகாட்டிய படை, அந்நதிக்கரையில் 700க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்தது. வேறு யாரோ ஒரு தலைவரின் பெயரை வைக்காமல், பெண் ஒருத்தி நடத்திய போர்ச்செயலின் பெயரை வைத்தார்கள். 'அடையாள அரசியல்' என்று இன்று எல்லோரும் வசைச்சொல்லாக வீசுகிறார்களே, அந்தத் தொடர் அச்சில் முதலில் வந்த இடங்களில் ஒன்று இந்த அறிக்கை. கட்டாயக் கருத்தடையையும் கருக்கலைப்பு உரிமையையும் தங்கள் பணிகளின் பட்டியலில் அது பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. நான்கு உறுப்பினர்கள் அதைத் தமிழாக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம், கறுப்பா கருப்பா என்ற சண்டையில் போயிற்று. 'கறுப்பு' என்றே முடிவு செய்தோம். அந்தச் சொல்லுக்கு வெகுளி என்ற பொருளும் உண்டு என்கிறது தொல்காப்பியம். இந்த அறிக்கையைப் படித்தவர்களுக்கு அந்தப் பொருள் பொருந்தாமல் போகாது.

ஏப்ரல் 11 முதல் 17 வரை கறுப்பினத் தாய்மார் நல வாரம். 2018இல் இதைத் தொடங்கிய அமைப்பும் அட்லாண்டாவைச் சேர்ந்ததே. நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் தந்த கணக்கின்படி, 2022இல் 1,00,000 பிரசவங்களுக்கு வெள்ளையினத் தாய்மாரில் 19 பேரும் கறுப்பினத் தாய்மாரில் 49.5 பேரும் இறந்தார்கள். வறுமைதான் காரணம் என்று நம்மில் ஒருவர் சொன்னபோது இளையோர் அணி செரீனா வில்லியம்ஸை முன்னிறுத்தியது. 2017இல் மகளைப் பெற்றபின் மூச்சுத் திணறியபோது, நுரையீரலில் இரத்தக்கட்டு இருக்கலாம் என்று அவரே வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவரிடம் இல்லாத பணமா? சொன்னதை நம்ப ஆள் வேண்டும், அதுதான் குறை. அன்று நம் பெண்களில் மூவர் தங்கள் பிரசவ அறைக் கதைகளைச் சொன்னார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி அவை குறிப்பேட்டில் இல்லை.

ஆகஸ்டில் மாண்ட்கமரி பயணம். மூன்று வாகனங்கள், இரண்டரை மணி நேர ஓட்டம், புளிச்சோறு. அலபாமாவின் அந்த நகரில் 1840களில், அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தின்றி அறுவை செய்து பழகித் தன் பெயரை நிலைநாட்டியவர் ஜே. மாரியன் சிம்ஸ் என்ற மருத்துவர். அனார்கா என்ற பெண்ணுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது முறை. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் இருந்த அவரது சிலையை 2018இல் அகற்றினார்கள். மாண்ட்கமரியில் சட்டமன்ற வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அதற்கு மறுமொழியாக 2021இல் மிஷெல் ப்ரௌடர் என்ற கலைஞர் அனார்கா, லூசி, பெட்சி மூவருக்கும் பழைய இரும்பை ஒட்டிப் பெரும் உருவங்களைச் செய்து வைத்திருக்கிறார். கத்தரி, கிடுக்கி, சக்கரப் பல் எல்லாம் உடலாகியிருக்கின்றன. வந்தவர்களில் மகப்பேறு மருத்துவராக இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், படம் எடுக்க மறுத்துவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். தான் தினமும் கையாளும் கருவி ஒன்றுக்கு அந்த மருத்துவரின் பெயர் இருப்பதாகத் திரும்பும் வழியில் சொன்னார்.

அதே ஊரில்தான் 1973இல் ரெல்ஃப் சகோதரிகள். ஒருத்திக்குப் பதினான்கு வயது, இன்னொருத்திக்குப் பன்னிரண்டு. கருத்தடை ஊசிக்கு என்று நினைத்து, எழுதப் படிக்கத் தெரியாத தாய் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். கைநாட்டு வைத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம், அந்தக் குறி நமக்குப் புரியாததில்லை. சிறுமிகள் இருவருக்கும் நிரந்தரக் கருத்தடை அறுவை செய்யப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு தீர்ப்பளித்த நீதிபதி, அரசுப் பணத்தில் ஆண்டுக்கு 1,00,000 முதல் 1,50,000 ஏழைகள் வரை இப்படி அறுவைக்கு உள்ளானதாகக் குறிப்பிட்டார். உதவித்தொகை நின்றுவிடும் என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. பழைய கதை என்று வாகனத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார். ஜார்ஜியாவின் ஓசில்லா தடுப்பு முகாமில் குடியேறிப் பெண்களுக்குத் தேவையற்ற மகளிர் நோய்ச் சிகிச்சைகள் நடந்தன என்று அமெரிக்க செனட் விசாரணைக் குழு 2022இல் அறிக்கை தந்ததை, பின்னிருக்கையிலிருந்து ஒரு பையன் கைபேசியில் படித்துக் காட்டினான். ஓசில்லா நம் மாநிலம்.

செப்டம்பர், அக்டோபர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியிருந்த ரோ தீர்ப்பை 2022 ஜூன் 24இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய சில வாரங்களில், ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு மேற்பட்ட கருவைக் கலைக்கத் தடை செய்யும் ஜார்ஜியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்த வழக்கில் முதல் மனுதாரர் சிஸ்டர்சாங்தான். 2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை, ஃபுல்டன் மாவட்ட நீதிபதி ராபர்ட் மெக்பர்னி சட்டத்தைச் செல்லாததாக்கினார். அந்தச் சனிக்கிழமை நம் கூட்டம். யாரோ கேசரி செய்துகொண்டு வந்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை, அக்டோபர் 7, மாநில உச்ச நீதிமன்றம் தடையை மீட்டுவிட்டது. மிச்சமிருந்த கேசரி அப்போதும் என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தது. கருக்கலைப்பைப் பொறுத்தவரை ஜார்ஜியப் பெண்ணின் உடல் அவளுடையதாக இருந்தது ஒரு வாரம். நவம்பரில், கர்ப்பகால மரணங்களை ஆராயும் மாநிலக் குழுவின் உறுப்பினர்கள் எல்லோரும் நீக்கப்பட்டார்கள். தவிர்த்திருக்கக்கூடியவை என்று அக்குழு கருதிய இரண்டு மரணங்களின் விவரம் பத்திரிகைக்குக் கசிந்தது காரணம்.

தேர்தல் ஆண்டில் இதெல்லாம் பேசலாமா என்று பொருளாளர் கவலைப்பட்டார். வரிவிலக்குப் பெற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. தீர்ப்பை வாசித்து விவாதிக்கத் தடையில்லை. எந்தக் கூட்டத்திலும் வேட்பாளர் பெயர் உச்சரிக்கப்படவில்லை என்று உறுதியளிக்கிறேன். வாகன நிறுத்துமிடத்தில் உச்சரிக்கப்பட்டவற்றுக்கு மன்றம் பொறுப்பல்ல.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்டு இரு குடும்பங்கள் உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. அவர்களுக்கு நான் எழுதிய கடிதத்தின் சாரம் இது. 2010இல் அட்லாண்டா முழுவதும் கறுப்பினக் குழந்தைகள் அழிந்துவரும் உயிரினம் என்ற பொருளில் விளம்பரப் பலகைகள் முளைத்தன. கறுப்பினத் தாயின் கருப்பையே ஆபத்தான இடம் என்று சொல்லாமல் சொன்ன பலகைகள். அவற்றோடு மாநில சட்டமன்றத்தில் ஒரு மசோதாவும் வந்தது. இனத்தையோ பாலினத்தையோ காரணமாகக் கொண்ட கருக்கலைப்பைக் குற்றமாக்குவது அதன் நோக்கம். இனம் என்றால் கறுப்பினத்தவர். பாலினம் என்றால் ஆசியப் பெண்கள், அதாவது நாம். பெண் கருவைக் கலைப்பவர்கள் என்ற சந்தேகத்தோடு நம்மை மருத்துவர் பார்க்க வேண்டியிருந்திருக்கும். உசிலம்பட்டியின் வலியை அறிந்தவர்கள் நாம், பெண்சிசுக் கொலையை யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டாம். தோல் நிறம் பார்த்துத் தாயைக் குற்றவாளியாக்குவது அதற்கு மருந்தல்ல. அந்த மசோதாவைத் தோற்கடித்ததில் முன்னின்றவர்கள் சிஸ்டர்சாங் உள்ளிட்ட அட்லாண்டாவின் பெண்கள் அமைப்புகள். நாம் அப்போது பொங்கல் விழாக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தோம். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

இளையோர் அணி பற்றி. அவர்களில் இருவர் கல்லூரியில், இளைஞர்களுக்கான கருவள நீதி அமைப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தியின் தாய் என்னிடம் தொலைபேசியில் சண்டையிட்டார், மன்றம்தான் கெடுத்தது என்று. உண்மையில் மன்றத்தைக் கெடுத்தது அவர் மகள்தான். 1983இல் பில்லி ஏவரி ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நல மாநாட்டைக் கூட்டியபோது, பெண்கள் தங்கள் தாயிடம்கூடச் சொல்லாததை அறிமுகமற்றவர்களிடம் சொன்னார்கள் என்று படித்தோம். டிசம்பர்க் கூட்டத்தில் அந்தத் தாயும் வந்திருந்தார். இரண்டு மணி நேரம் எதுவும் பேசவில்லை. முடிந்ததும் நாற்காலிகளை மடக்க உதவினார்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே படிப்பார். மாண்ட்கமரி வாகன வாடகையால் சிறு பற்றாக்குறை உண்டு. நூலக அறையை வாடகையின்றித் தந்தவர்களுக்கும், கொம்பாஹீ அறிக்கையைத் தமிழாக்கிய நால்வருக்கும், எரிச்சலடையாமல் எங்களுக்கு விளக்கிய இளையோருக்கும் நன்றி. பெரிய தேநீர்க் கேன் அக்டோபரிலிருந்து காணவில்லை. எடுத்தவர்கள் கேள்வி ஏதுமின்றித் திருப்பித் தரலாம்.

தமிழ்ச் சொல் பற்றிய தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கிறது. 'கருவள நீதி' என்பது செயற்குழுவின் பரிந்துரை. அறிக்கையின் பிற்பகுதியில் நானே அதற்குப் பழகிவிட்டேன். ஆனாலும் மண் வளம், உரம் நினைவுக்கு வருகிறது என்று உயிரியல் ஆசிரியர் எழுத்துமூலம் எதிர்ப்புத் தந்திருக்கிறார். வேறு சொல் வைத்திருப்பவர்கள் இடைவேளைக்கு முன் சீட்டில் எழுதித் தரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்