1918-ஐச் சொல்லும்போது 1921-ஐயும் சொல்லுங்கள்

சென்னைத் தொழிற்சங்கங்களின் தலைவர்களுக்கும், சங்க வகுப்பு எடுக்கும் தோழர்களுக்கும்,

வணக்கம்.

ஏப்ரல் 27 வந்தால் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். 1918-இல் அந்த நாளில்தான் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு அது அமைந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லும்போது நமக்கெல்லாம் பெருமைதான், நியாயமான பெருமை. ஆனால் நான் கேட்ட பேச்சுகளில் பெரும்பாலும் கதை 1918-இல் தொடங்கி 1923-க்குத் தாவிவிடும். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார் என்றதும் கைதட்டல், அதோடு கூட்டம் முடிந்துவிடும். நடுவில் 1921 என்று ஒரு வருடம் இருக்கிறது, ஆலை வேலைநிறுத்தம் சாதி விரிசலில் உடைந்து தோற்ற வருடம். அதைப் பேசச் சொல்லித்தான் இந்த மடல்.

அந்தப் பெரம்பூர் ஆலைகளான பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் இரண்டும் பின்னி கம்பெனியின் கையில் இருந்தவை. வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறு மணிவரை. நடுவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் மெஷினை விட்டு வெளியே வந்து, கை கழுவி, தூக்குவாளியைத் திறந்து, நாலு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டு மறுபடி மெஷின் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்தாக வேண்டும். அதனால்தான் சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள் என்பதாக இருந்தது.

அந்த வட்டாரத்து வியாபாரிகள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அங்கே ஒரு பக்திச் சபை நடத்திவந்தார்கள். கதை கேட்க வந்த தொழிலாளர்கள் அவர்களிடம் தங்கள் கஷ்டத்தையும் சொன்னார்கள். இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் அங்கே பணியாற்றிய பி.பி. வாடியாவைப் பிடித்தார்கள். வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 1920 கடைசியில் கதவடைப்பு, அதாவது மில்லை மூடித் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. டிசம்பரில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். வாடியாவையும் மற்றவர்களையும் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. தொழிலாளர்களை வேலைக்குப் போகாமல் தூண்டினார்கள், எங்களுக்கு நஷ்டம், ஈடு கொடு என்று வழக்கு. நீதிமன்றம் தடையுத்தரவும் போட்டது. கடைசியில் வாடியா சங்கத்திலிருந்து விலகுவது, கம்பெனி வழக்கைக் கைவிடுவது என்று சமரசம் ஆயிற்று. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடும் போலிருந்ததால்தான் 1921-இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தொழிற்சங்கச் சட்டம் வர 1926 ஆயிற்று. பதிவு பெற்ற சங்கத்துக்கு அந்தச் சட்டம் தந்த பாதுகாப்பில்தான் நாம் நெடுங்காலம் நின்றோம்.

அப்புறம்தான் 1921. மே மாதம் கர்நாடிக் மில்லில் தகராறு. ஜூனில் ஆதரவாகப் பக்கிங்காம் மில் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடர்களில் பெரும்பாலானவர்கள் உள்ளே போனார்கள். நீதிக்கட்சியில் இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா, உள்ளே போனவர்கள் பக்கம் நின்றார். ஜூன் இறுதியில் மில்லுக்குப் பக்கத்துப் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. வீடிழந்தவர்களுக்கு அரசு முகாம் போட்டது. ஆகஸ்ட் 29-இல் போலீஸ் சுட்டதில் பல உயிர்கள் போயின. அடிதடியும் தீவைப்பும் மாதக்கணக்கில் ஓயவில்லை. அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். ராஜா பின்னால் அந்தக் கட்சியிலிருந்தே வெளியேறினார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று, தொழிலாளர்கள் கம்பெனி சொன்னபடி வேலைக்குத் திரும்பினார்கள்.

இந்தத் தோல்விக்கு நம்மிடம் ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. கம்பெனி பிரித்தது, வெள்ளைக்கார அரசு ஊதிவிட்டது, ஒரு பகுதி கருங்காலியாக, அதாவது வேலைநிறுத்தத்தை உடைப்பவர்களாக, போனது. முதல் இரண்டும் உண்மை. ஒற்றுமை உடைந்தால் யாருக்கு லாபம் என்று பின்னிக்கும் தெரியும், கவர்னர் வெலிங்டனுக்கும் தெரியும். திரு.வி.க.வைக் கூப்பிட்டு நாடு கடத்துவேன் என்று மிரட்டியவர்தான் வெலிங்டன். ஆனால் மூன்றாவதை நான் ஏற்கமாட்டேன்.

சில மாதங்களுக்கு முன் நடந்த கதவடைப்பிலேயே கூலியில்லாமல் கிடந்த குடும்பங்கள் அவை. சேரியில் இருப்பவனுக்கு ஊரில் நிலமில்லை, திரும்பிப் போனால் பண்ணையாரின் கொட்டில்தான். மில் கூலி ஒன்றுதான் அவனை அந்தக் கட்டிலிருந்து விடுவித்தது. அந்தக் கூலியை விட்டுவிட்டு வெளியே வா என்று கேட்பதற்கு முன், அவன் தண்ணீரைத் தொடவும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் நாம் தயாராக இருந்தோமா? அந்த அரை மணிச் சாப்பாட்டு நேரத்தைக் கூட்டச் சொல்லிப் போராடிய சங்கத்தில், எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது ஒரு கோரிக்கையாக எழுந்ததா? நாம் மேடையில் சொல்லும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு. அவர்களுடைய தியாகத்தில் குறையில்லை. அந்த வரிசையில் ஓர் ஆதிதிராவிடர் பெயர் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. ஏற்கெனவே இருந்த விரிசலில்தான் கம்பெனி ஆப்பு வைத்தது. குடிசைக்குத் தீ வைத்த கையை யார் கையென்று சொல்லப்போகிறோம்?

இது பழங்கதை இல்லை, தோழர்களே. 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். புளியந்தோப்பு அந்தத் திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான் இருக்கிறது. உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள் அதிகம். ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. ஆதரவு அறிக்கைகள் வந்தன, சில சங்கத் தோழர்கள் கூடவே இருந்தார்கள், சரி. ஆனால் நிரந்தர வேலையும் கிராஜுவிட்டியும் உள்ள நம் பெரிய சங்கங்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர்களுக்காக வேலையை நிறுத்தினவா? அப்படியிருக்க, நாளைக்கு நம்முடைய வேலைநிறுத்தத்தில் ஒப்பந்தத் தொழிலாளி உள்ளே போனால் அவரைக் கருங்காலி என்று கூப்பிட நமக்கு என்ன வாய் இருக்கிறது?

என் கோரிக்கைகள் இவை. சங்க வகுப்புகளில் 1918-க்கு ஒரு மணி நேரம் என்றால் 1921-க்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். எம்.சி. ராஜா அன்று என்ன சொன்னார் என்பதை அவர் பேச்சுகளிலிருந்தே எடுத்துப் படியுங்கள், எதிர்த்துப் பேச வேண்டுமானால் படித்துவிட்டுப் பேசுங்கள். அடுத்த ஏப்ரல் 27 கூட்டத்தைப் புளியந்தோப்பில் வையுங்கள். மேடையில் முதலில் பேசுகிறவர் அந்தப் பகுதித் தூய்மைப் பணியாளராக இருக்கட்டும், நம் தலைவர்கள் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். சங்க நிர்வாகக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு எத்தனை இடம் என்பதை அந்தக் கூட்டத்திலேயே அறிவியுங்கள்.

தோழமையுடன்,
ஒரு சங்க உறுப்பினர்
சென்னை