வாஃபிள் மெஷின் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படி

அன்புள்ள மீனா,

உன் மெயில் பார்த்ததும் சந்தோஷம். பெரியவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததும், அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் கேட்டு மனசு நிறைந்துவிட்டது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுவிடு, அம்மா "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்லித் தட்டிக் கழிக்கிற ஆள். இங்கே அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து டேட்டனில் எல்லாரும் நலம். ராத்திரியில் உறையும் குளிர், பகலில் கொஞ்சம் வெயில் என்று இருக்கிறது, மேப்பிள் மரத்தில் சாறு இறங்குகிற பருவம். பக்கத்துப் பண்ணையில் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். ஏறக்குறைய 40 லிட்டர் சாறு காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப் வரும், அதனால் அந்தக் கொட்டகையைச் சுற்றி நாள் முழுக்க ஆவியும் இனிப்பு வாசமும்தான்.

சரி, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, சின்னவளுக்கு வாஃபிள் (இரண்டு சூடான தட்டுக்கு நடுவில் மாவை ஊற்றிக் கட்டம் கட்டமாகச் சுடுகிறது) பைத்தியம் பிடித்திருக்கிறது, திருச்சி தில்லைநகர் பக்கம் போனாலே கடைக்கு இழுக்கிறாள், ஆன்லைனில் ஒரு மெஷின் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கட்டுமா என்று. இந்த நீளக் கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான். இப்போதைக்கு வாங்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் வாஃபிள் என்றால் பழைய சாமான்களில்தான். இங்கே ஒரு வீட்டில் பெரியவர்கள் தவறிவிட்டாலோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாலோ, வீட்டிலிருக்கும் அத்தனைக்கும் விலைச் சீட்டு ஒட்டி வாரக் கடைசியில் விற்றுவிடுவார்கள், எஸ்டேட் சேல் என்பார்கள். கூட்டம் நகைப் பக்கமும் மேஜை நாற்காலிப் பக்கமும் போகும், நான் நேராகச் சமையலறைக்குப் போய்விடுவேன். அப்படிக் கிடைத்தவைதான் ஜெனரல் எலக்ட்ரிக் வாஃபிள் மெஷினும் மாவும் முட்டையும் அடிக்கிற சன்பீம் மிக்ஸ்மாஸ்டரும்.

வாஃபிள் மெஷின் வட்டமாக இருக்கும், குரோம் பூச்சு, இரண்டு பக்கமும் கறுப்பு பேக்லைட் (சூடு தாங்கும் பழைய காலத்து பிளாஸ்டிக்) பிடி, மூடியின் மேல் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. தூக்கினால் நல்ல கனம். திறந்தால் இரண்டு தட்டுமே வார்ப்பு அலுமினியம், பூச்சு எதுவும் கிடையாது. டெஃப்லான் என்கிற நான்ஸ்டிக் பூச்சு பூசிய வாணலி அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1960 கடைசியில்தான், அதற்கு முந்தைய மெஷின்கள் எல்லாமே வெறும் உலோகம். அப்படியானால் மாவு ஒட்டாதா என்று கேட்பாய். ஒட்டாது. நாம் புதுத் தோசைக்கல்லைப் பழக்குவோமே, அதேதான். எண்ணெயை மெல்லிசாகத் தடவி, சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவிச் சூடாக்க வேண்டும், முதலில் சுட்டதை எடுத்துப் போட்டுவிட வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவவே கூடாது. சூடு தணிந்ததும் காய்ந்த பிரஷ்ஷால் கட்டங்களுக்கு நடுவில் தட்டிவிட்டால் போதும். கடையில் விற்கிற எண்ணெய் ஸ்ப்ரே பக்கம் போகாதே, அதிலிருக்கும் லெசிதின் சூட்டில் பிசினாகிக் கட்ட மூலைகளில் படிந்துவிடும், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நெய்தான் உத்தமம். வெண்ணெயில் இருக்கும் பால் திப்பி கருகிப் பிடித்துக்கொள்ளும், நெய்யில் அந்தத் திப்பியே இல்லை.

இப்போது வருகிற விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில் தட்டு மெல்லிசு, மேலே நான்ஸ்டிக் பூச்சு. குளிர்ந்த மாவை ஊற்றியதும் மெல்லிசுத் தட்டின் சூடு பொசுக்கென்று இறங்கிவிடும், மாவு மொறுமொறுப்பாகச் சிவப்பதற்குப் பதில் வெந்து மெத்தென்று நிற்கும். பூச்சு இருப்பதால் ஓரளவுக்கு மேல் சூடேற்றவும் முடியாது, 260 டிகிரி செல்சியஸ் தாண்டினால் டெஃப்லான் சிதைய ஆரம்பித்துவிடும். அப்புறம் ஒரு நாள் பூச்சில் கீறல் விழும். தட்டைத் தனியாகக் கழற்ற முடியாது, மாற்றவும் முடியாது, முழு மெஷினும் குப்பைக்கு. எனக்கு இதுதான் தாங்கவில்லை. சின்னவள் ஆசையாகக் கேட்கிறாள், அவளுக்குக் கல்யாணமாகிப் போகும்போதும் கூடக் கொண்டுபோகிற மாதிரி ஒரு சாமானாக அது இருக்க வேண்டாமா?

என் மெஷினை வாங்கும்போது மேல் தட்டு சூடாகவே இல்லை. நம் பாலிடெக்னிக் லேபை நினைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். தட்டின் நடுவில் இருக்கும் திருகைக் கழற்றினால் தட்டு கையோடு வந்துவிடுகிறது, பின்னால் சூடேறுகிற நிக்ரோம் கம்பிக் காயில் பீங்கான் கட்டைகளில் கோத்துச் சுருள் சுருளாக, எல்லாம் கண்ணுக்கு முன்னால். கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டுக்குக் கரண்ட் போகிற வயர் கீலின் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் மாதிரியான உறைக்குள் ஓடுகிறது. மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி அந்த இடத்தில் வயர் அறுந்திருந்தது. கண்ணாடி நார் சுற்றிய, சூடு தாங்கும் வயர் வாங்கி மாற்றினேன். சால்டரிங் வைத்தால் அந்தச் சூட்டில் இளகிவிடும் என்பதால் டெர்மினல் வைத்து கிரிம்ப் பண்ணினேன், அதாவது நசுக்கி இறுக்கினேன். துணி சுற்றிய பழைய மெயின் கார்டை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டேன், அந்தக் காலத்து ஹீட்டர் கார்டுகள் பலவற்றில் துணிக்குள்ளே நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் நார் வைத்திருப்பார்கள், அதைப் பிரித்துப் பார்ப்பதே ஆபத்து, ஈரமாக்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து பிளக் பின்னுக்கும் குரோம் உடம்புக்கும் நடுவில் வைத்துக் கசிவு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு உள்ள பிளக்பாயின்ட்டில்தான் சொருகினேன். இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது, அதனால் இதில் அசட்டையே கூடாது. விளக்கு எரிந்து, மேல் தட்டில் தெளித்த தண்ணீர்ச் சொட்டு துள்ளி ஓடியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

மிக்ஸ்மாஸ்டரைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். ஸ்வீடனில் பிறந்த ஐவர் ஜெப்சன் வடிவமைத்து 1930இல் வந்தது, என்னிடம் இருப்பது அதற்குப் பிந்தைய மாடல். பின்பக்கம் இருக்கும் திருகில் எந்த வேகம் எதற்கு என்று எழுத்திலேயே போட்டிருக்கிறது. வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணம் ஒரு சுழல் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றத் தனி மோட்டார் கிடையாது. அடிக்கிற கம்பிகளான இரண்டு பீட்டர்களில் ஒன்றின் அடியில் மட்டும் சின்னக் குமிழ் இருக்கிறது, அது கிண்ணத்தின் அடியில் உரசி உரசியே கிண்ணத்தைச் சுற்றிவிடுகிறது. முட்டை வெள்ளைக்கரு முதலில் தண்ணீராக ஓரத்தில் தெறிக்கும், அப்புறம் சோப்பு நுரையாகும், கொஞ்ச நேரத்தில் பீட்டர் போன தடம் அப்படியே நிற்க ஆரம்பிக்கும், கிண்ணம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கிற பதம் வந்ததும் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் போனால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். மோட்டாரில் எண்ணெய் விட ஒரு துளை உண்டு, அவ்வப்போது இரண்டு சொட்டு. மற்றபடி எந்தத் தொந்தரவும் இல்லை.

மாவுக் கணக்கைக் குறித்துக்கொள். மைதா 250 கிராம், கார்ன்ஃப்ளோர் இரண்டு டேபிள்ஸ்பூன் (மொறுமொறுப்பு அதனால்தான்), சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இன்னொரு பாத்திரத்தில் இரண்டு மஞ்சள்கரு, 420 மில்லி கெட்டி மோர், உருக்கிய நெய் 100 கிராம். புளித்த தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்தால் இங்கே கிடைக்கும் பட்டர்மில்க் பதம் வந்துவிடும், அந்தப் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால்தான் மாவு பொங்கும். இரண்டையும் சேர்த்துக் கலக்கும்போது சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும், ரொம்பக் கலக்கினால் வாஃபிள் ரப்பராகும். கடைசியில் அடித்த வெள்ளைக்கருவை நுரை அடங்காமல் கரண்டியால் மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும். சர்க்கரையைக் கூட்டாதே, வெறும் உலோகத் தட்டில் சர்க்கரைதான் முதல் எதிரி, இனிப்பு வேண்டுமானால் மேலே ஊற்றிக்கொள்ளட்டும்.

ஊற்றி மூடியதும் பக்கவாட்டில் குபுகுபுவென்று ஆவி வரும். ஆவி அடங்குகிற வரைக்கும் மூடியைத் தொடாதே. அவசரப்பட்டுத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து நிமிஷத்தில் ஆவி அடங்கும், அப்போது மூடி தானாகவே இலகுவாகத் தூக்க வரும். எடுத்ததைத் தட்டில் அடுக்கிவிடாமல் கம்பி வலை மேல் வை, இல்லாவிட்டால் அதன் ஆவியே அதை நமுத்துப்போக வைத்துவிடும்.

கடையில் சின்னவள் சாப்பிடுவது ஆழக் குழியோடு தடியாக இருக்கும், அது பெல்ஜிய வகை. அமெரிக்காவில் அது பரவலானது 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்ட்ராபெரியும் கிரீமும் வைத்து விற்ற பிறகுதான். பழைய அமெரிக்க மெஷின்களின் குழி ஆழம் குறைவு, வாஃபிள் மெல்லிசாக, உடைத்தால் சத்தம் கேட்கிற மாதிரி வரும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அவளுக்கும் பிடிக்கும், பார்.

என் மெஷின் மாதிரி ஒன்றை அனுப்பச் சொல்லாதே. இங்கே 120 வோல்ட், அங்கே 230. வோல்டேஜின் வர்க்கத்துக்குப் பவர் ஏறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மூன்றரை மடங்குக்கும் மேல், காயில் அங்கேயே எரிந்துபோகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான், ஆனால் இந்த வாட்டேஜுக்கு அது அரிசி மூட்டை கனம் கனக்கும், விலையும் கட்டாது.

உனக்கு ஏற்றது கரண்ட்டே தேவைப்படாத வார்ப்பிரும்பு அச்சு. நியூயார்க் மாநிலத்து டிராய் ஊர்க்காரர் கொர்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் 1869 ஆகஸ்ட் 24 அன்று அடுப்பு மேல் வைக்கும் வாஃபிள் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார், அமெரிக்காவில் அந்தத் தேதியை வாஃபிள் தினம் என்றே கொண்டாடுகிறார்கள். ஒரு வளையம், அதன் மேல் இரண்டு தட்டு, ஒரு பக்கம் வெந்ததும் பிடியைப் பிடித்து அச்சை அப்படியே புரட்டிப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பென்சில்வேனியாவின் ஈரி நகரத்து கிரிஸ்வோல்ட் கம்பெனியும், எங்கள் ஊருக்கு வடக்கே சிட்னி என்கிற சின்ன ஊரில் 1891இல் தொடங்கிய வேக்னர் கம்பெனியும் இப்படிச் செய்து தள்ளியிருக்கிறார்கள். சிட்னிக்குப் போகிற வழியில்தான் ஒஹாயோவின் டிராய், 1919இல் கிச்சன்எய்ட் மிக்ஸரைக் கொண்டுவந்த ஹோபார்ட் கம்பெனியின் ஊர். சமையலறைச் சாமான் பிடித்தவர்களுக்கு இந்த நெடுஞ்சாலை ஒரு கோவில் வரிசை. இங்கே பழம்பொருள் கடைகளில் வேக்னர் அச்சு இன்னும் சகஜமாகக் கண்ணில் படுகிறது. துரு இருந்தாலும் பயமில்லை, வார்ப்பிரும்பைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய்க் கறையை எடுத்து, துருவைத் தேய்த்துவிட்டு மறுபடி பழக்கலாம், விரிசல் மட்டும் இருக்கக் கூடாது. அலுமினியத் தட்டில் மட்டும் காஸ்டிக் பட்டுவிடக் கூடாது, அரித்துவிடும்.

ஜூலையில் வரும்போது ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன். வளையத்தில் இரண்டு வகை உண்டு, விறகு, கரி அடுப்புத் துளையில் உட்காரும் தாழ்ந்தது ஒன்று, கேஸ் அடுப்புக்கான உயரமானது ஒன்று. உனக்கு உயரமானது வேண்டும். அண்ணனை உங்கள் பெரிய பர்னரின் அகலத்தையும், அடுப்புக் கம்பி பர்னருக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதையும் அளந்து எழுதச் சொல். ஈஸ்ட் போட்டு ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்துக் காலையில் முட்டையும் சோடாவும் சேர்த்துச் சுடுகிற பழைய முறை ஒன்றும் இருக்கிறது, அந்த மணமே தனி. ஆனால் இங்கே 20 டிகிரி இருக்கும் சமையலறையில் ராத்திரியெல்லாம் இருக்கிற மாவு திருச்சிச் சூட்டில் விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். அதனால் ஒரு மணி நேரம் வெளியே, பிறகு ஃபிரிட்ஜில் என்று வைத்துப் பார்ப்போம், ஜூலையில் உன் வீட்டில் நாம் சேர்ந்து.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். அளவு எழுத மறந்துவிடாதே.

அன்புடன்,
அகிலா