கடலோரத்தைக் காலையில் வையுங்கள்: பாதை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீண்டதூர சைக்கிள் சுற்றுகளுக்குப் பாதை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் வகுத்த 200 கிலோமீட்டர் கடலோரச் சுற்றை ஓட்டியவர்களில் நானும் ஒருவன். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே அது, அதாவது போட்டியில்லாத, நேர வரம்பு மட்டும் உள்ள நீண்டதூர சைக்கிள் ஓட்டம். நான் நாற்பது நிமிடம் பிந்தி வந்தேன். அந்த நாற்பது நிமிடத்தைத் திரும்பக் கேட்டு இதை எழுதவில்லை. அடுத்த பாதையை வரைய நீங்கள் உட்காரும்போது சில விஷயங்கள் உங்கள் மனதில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 150ஆவது கிலோமீட்டரை எட்டியபோது மதியம் 2.40. உப்பங்கழியைக் கடக்கும் அந்தத் தாழ்வான சாலைக்கு வந்தால் எதிரே தண்ணீர். சாலை நடுவிலிருந்த வெள்ளைக்கோடு தண்ணீருக்கு அடியில் கொஞ்ச தூரம் தெரிந்தது, அதற்கப்புறம் அதுவும் இல்லை. கையிலிருந்த பாதைத்தாளில் 'நேராகச் செல்லவும்' என்று ஒரே வரி. இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். இறங்கிப் பார்ப்போம் என்றார் ஒருவர். முழங்கால் ஆழத்தில் ஓடும் தண்ணீரும் ஆளைத் தள்ளிவிடும் என்று சொல்லி அவரைத் தடுத்தோம். கடைசியில் 19 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனோம்.

பாதையைச் சரிபார்க்க நீங்களே ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டம் போனபோது அந்த இடம் காய்ந்து கிடந்தது என்று அப்புறம் சொன்னீர்கள். அது உண்மைதான், நான் நம்புகிறேன். ஆனால் நீங்கள் போனது சரியாக ஒரு வாரம் முன்பு, அரைநிலா நாளில். பெரும்பாலான கரைகளில் ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உயரும். நாளுக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். நீங்கள் பார்த்தது இறங்கிய நீர், நாங்கள் போய் நின்றது உயர் ஓதம். போதாக்குறைக்கு எங்களுக்கு அமைந்தது பௌர்ணமி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் நீர் மிக அதிகமாக ஏறும். இதையெல்லாம் ஓத அட்டவணையில் மாதக்கணக்கில் முன்னாலேயே பார்த்துவிடலாம். தேதியை முடிவு செய்யும் நாளில் அந்த அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அடுத்தது காற்று. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

கடலோரத்தில் காற்றுக்கென்று ஒரு நேர ஒழுங்கு உண்டு. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. முற்பகலில் கடற்காற்று எழும், பிற்பகலில் உச்சத்துக்கு வரும், பொழுது சாய்ந்தபின் அடங்கும். பெரிய பருவக்காற்றோ புயல் சின்னமோ இருக்கும் நாளில் இந்த ஒழுங்கு குலையும். மற்றபடி வெயில் அடிக்கும் நாளில் அநேகமாக இப்படித்தான். நீங்களோ கடற்கரையில் தொடங்கி, காலையில் எங்களை உள்நாட்டுக்கு அனுப்பி, பிற்பகலில் கடலை நோக்கித் திருப்பிவிட்டீர்கள். காற்று மிகப் பலமாக வீசும் நேரத்தில், மிகவும் களைத்த கால்களோடு, நேர் எதிரே.

எதிர்க்காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் கூடும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவர் உடல் 45 கிலோமீட்டர் காற்றைக் கிழிக்க வேண்டும். தடை மூன்று மடங்குக்கும் மேல். போகும்போது இழந்ததை வரும்போது பின்காற்று திருப்பித் தரும் என்பதும் சரியில்லை. 50 கிலோமீட்டரை 16 வேகத்திலும் அடுத்த 50ஐ 30 வேகத்திலும் ஓட்டினால் மொத்தம் 4 மணி 47 நிமிடம் ஆகும். காற்றில்லாத நாளில் சீராக 25இல் ஓட்டினால் 4 மணி நேரம்தான்.

ஆகவே, தொடங்கும் இடமும் முடியும் இடமும் உள்நாட்டில் இருக்கட்டும். விடியலில் கிளம்பி, காற்று எழும் முன் கடலைத் தொட்டு, கரையோரப் பகுதியை முற்பகலிலேயே முடித்துவிடலாம். மதியத்துக்கு மேல் உள்ளே திரும்பினால் அதே கடற்காற்று முதுகைத் தள்ளிவிடும். தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாது. சவால் அப்படியே இருக்கும்.

சுற்றும் திசையையும் பாருங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடஞ்சுழியாகச் சுற்றினால் பெரும்பாலான திருப்பங்கள் இடப்பக்கமே வரும், எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்காது. கடல் வலப்பக்கம் இருக்கும். மரவரிசையோ சுவரோ முடியும் இடத்தில் திடீரென்று பக்கக்காற்று அறைந்தால், நம்மைச் சாலை ஓரத்துக்குத்தான் தள்ளும், நடுச்சாலைக்கு அல்ல. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இதே காரணங்களுக்காக வலஞ்சுழி.

ஏற்றம் பற்றி உங்கள் அறிவிப்பில் இருந்தது 'கடலோரம், பெரும்பாலும் சமதளம்' என்ற வரி. கரைச்சாலை சமதளம் என்பது வரைபடத்தைப் பார்த்து வரும் எண்ணம். மேட்டுக்கரைகளில் ஒவ்வொரு ஓடையும் கடலில் சேர ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். சாலை அதில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, மறுபக்கம் ஏறும். முப்பது மீட்டர் ஏற்றம் ஒன்றுமே இல்லை. அது நாற்பது தடவை வந்தால் 1,200 மீட்டர். பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற நீண்டதூர சைக்கிள் சுற்று 1891இல் தொடங்கியது. இன்று 90 மணி நேர வரம்புள்ள அந்த 1,200 கிலோமீட்டர் பாதையில் பெரிய மலை ஒன்றும் கிடையாது. ஆனாலும் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 12,000 மீட்டர், எல்லாம் சின்னச் சின்ன மேடுகள் சேர்ந்து வருவது.

கணினி தரும் ஏற்றக் கணக்கைக் கரையோரத்தில் அப்படியே நம்பிவிடாதீர்கள். உயரத் தரவு பெரும்பாலும் 30 அல்லது 90 மீட்டர் கட்டங்களாக இருக்கும். செங்குத்தான கரையை ஒட்டிப் போகும் சாலையில் ஒரே கட்டத்துக்குள் கடலும் மேடும் விழுந்து, சராசரியாக ஏதோ ஓர் எண் வரும். உயரமான பாலத்தில் நேராகப் போகிறவரை மென்பொருள் பள்ளத்தில் இறக்கி ஏற்றிக் காட்டும். நிஜமான செங்குத்து மேட்டை மழுப்பிவிடும். ஒருவர் உயரமானியோடு ஓட்டிப் பார்த்து, 10 சதவீதத்தைத் தாண்டும் இடங்களைத் தாளில் குறித்தால் போதும். எந்தக் கியர் போட்டு வருவது என்று நாங்கள் வீட்டிலேயே முடிவு செய்துகொள்வோம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. 90க்கும் 150க்கும் நடுவில் ஒரு குழாய்கூட இல்லை. கடைசியாக வருகிறவரின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் அது நான்கு மணி நேரம். வெயிலில் மணிக்கு 750 மில்லிலிட்டர் குடிக்க வேண்டும் என்றால் மூன்று லிட்டர். சைக்கிளின் சட்டகத்தில் மாட்டும் இரண்டு பாட்டிலில் ஒன்றரை லிட்டர்தான் கொள்ளும். 130இல் ஒருவர் வேலியோரம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். என் பாட்டிலில் இரண்டு வாய் மீதியிருந்தது, கொடுத்தேன். அந்த இடைவெளியில் குழாய் வைக்க உங்களால் முடியாமல் போகலாம். '60 கிலோமீட்டருக்குத் தண்ணீர் இல்லை, மூன்று லிட்டர் கொண்டு வரவும்' என்று எழுத முடியுமே. கிராமப்புறக் கரைகளில் பருவம் முடிந்தால் மூடிவிடும் கடைகளைத் திறந்திருப்பதாக நினைத்துத் தாளில் போடுவதும் வேண்டாம்.

இன்னும் கடினமான பாதை வேண்டும் என்றே நான் கேட்பேன். 300 வையுங்கள், 400 வையுங்கள், செங்குத்து மேடுகளைத் தேடிப்பிடித்துச் சேருங்கள். அதற்காகத்தான் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறோம். எதை எதிர்கொள்ளப் போகிறோம் என்பது மட்டும் கிளம்பும் முன் தெரிய வேண்டும்.

முன்னோட்டத்தை உங்களில் வேகமானவர்கள் காலையில் கிளம்பி ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிடுகிறீர்கள். மதியம் மூன்று மணிக்கு 150ஆவது கிலோமீட்டரில் காற்று எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்த்ததே இல்லை, அந்நேரம் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். அடுத்த பாதைக்கு முன்னோட்டம் போகும் நாளில் என்னையும் கூப்பிடுங்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்து, கடைசியாக வருகிறவரின் வேகத்தில் முழுச் சுற்றையும் நான் ஓட்டுகிறேன். உங்களில் ஒருவர் கூடவே வந்து, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சுற்றை ஓட்டிய ஒருவன்