சேகருக்கு, சாயத்தைப் பற்றி

காட்பாடி,
ஞாயிறு காலை

டேய் சேகர்,

நாலு மாசமாகக் கடிதம் போடவில்லை, தப்பு என்மேல்தான். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். ரவி இன்னும் அதே ஸ்கூட்டர்தான்.

ஸ்கோப் விட்டு, பெருங்குடலின் உள்சுவரில் சாயம் தெளித்து நீ எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். இன்னாடா அது, மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டாயா? அந்தக் கருநீலத்தில் யானை படுத்திருந்தாலும் தெரியாது. போதாக்குறைக்கு ஓரமெல்லாம் மலம். குடியாத்தத்துப் பிள்ளை நீ, அழுக்கு நூலில் சாயம் பிடிக்காதென்று உனக்கு நான் சொல்லணுமா? பேதி மருந்தில் பாதியை முந்தின ராத்திரியும், மீதியை ஸ்கோப்புக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்னாலும் குடிக்கச் சொல். அப்படியும் சுத்தமாகவில்லையென்றால் சாயத்தைத் தொடாதே. குடல் அழற்சி சீறிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம்.

முழுக் குடலுக்கும் 0.8 சதவீத இண்டிகோ கார்மைன் 5 மி.லி. ஆம்பூல் இரண்டு, 250 மி.லி. தண்ணீர். வெளிர் வானநீலம்தான் வரும், அது போதும். மெத்திலீன் புளூ என்றால் 1 சதவீதத்தில் 10 மி.லி., தண்ணீர் 240. இண்டிகோ பள்ளத்தில் தேங்கி மேட்டைக் காட்டும், அவ்வளவே. மெத்திலீன் புளூவைச் செல் உறிஞ்சணும். ஒரு நிமிஷமாவது பொறு. உறிஞ்சாமல் வெளிறி நிற்கும் திட்டைச் சந்தேகப்படு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவருக்கும், மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை சாப்பிடுபவருக்கும் மெத்திலீன் புளூ வேண்டாம். மற்றவரிடம் சிறுநீர் பச்சையாகப் போகலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் நடுராத்திரி போன் வரும்.

போகும்போது கழுவு, வரும்போது தெளி. பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தைத் தொட்டதும், காலால் மிதித்துத் தண்ணீர் அடிக்கும் பம்பின் பாட்டிலில் தண்ணீருக்குப் பதில் சாயத்தை மாட்டு. 20, 30 செ.மீ. துண்டு துண்டாக வா: மேல்பக்கச் சுவரில் அடி, தானாக வழியும், தேங்கியதை உறிஞ்சு, திரும்ப உள்ளே போய் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வெளியே வா. இந்தத் திரும்பப் போவதைத்தான் நீ விட்டுவிடுகிறாய்.

சந்தேக இடத்தில் மட்டும் கெட்டியாக: ஒரு ஆம்பூலுக்கு 25 மி.லி. தண்ணீர், சிரிஞ்சில் நேராக. சாயம் தேங்கிக் காட்டும் நுண்குழிகள் வட்டமாகவோ நட்சத்திரமாகவோ இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. குழாய் போல நீண்டாலோ, மூளை மடிப்பு போலத் தெரிந்தாலோ அடினோமா, பின்னால் புற்றாக மாறக்கூடிய கட்டி. உருவே கலைந்திருந்தால் புற்று. ஆனால் வலப்பக்கக் குடலில் சளித்தொப்பி போட்ட தட்டைத் திட்டை நட்சத்திரம் என்று தள்ளிவிடாதே. அழற்சி வந்து போன குடலில் குழிகளும் பொய் சொல்லும், பயாப்ஸி எடு.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் அழற்சி வந்து 8 வருஷம் தாண்டியவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். அவர்களுக்கு வரும் புற்றும் அதன் முன்நிலையும் பல சமயம் மேடாக நிற்காது, தட்டையாகப் பரவும். சும்மா வெளிச்சத்தில் எளிதில் கண்ணில் படாது. அதனால்தான் இத்தனை திட்டு.

அடுத்த படங்களை அனுப்பு. குடல் தெரிந்தால் ஆற்காடு மக்கன்பேடா ஒரு டப்பா என் செலவு. தெரியாவிட்டால் உன் செலவு.

உன்,
மூர்த்தி